ட்ரெய்லரின் பின்னால் கூடுதல் சுமை: வண்டி காட்டும் அறிகுறிகளும் சரிசெய்யும் வழிகளும்

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடான டிராவல் ட்ரெய்லரின் பின்பக்கம் வெறுமனே கிடக்கிறது. சைக்கிள், ஜெனரேட்டர், விறகு, குளிர்பெட்டி என்று உள்ளே அடங்காத எதையும் அங்கே ஒரு ரேக் (சுமை தாங்கும் சட்டம்) மாட்டி ஏற்றிவிடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஏற்றலாம், தவறில்லை. ஆனால் ட்ரெய்லர் முழுவதிலும் ஒவ்வொரு கிலோவும் அதிகத் தொந்தரவு தருகிற இடம் அதுதான். ஆக்ஸிலுக்கு (சக்கர அச்சுக்கு) மேலே வைத்தால் பொருட்படுத்தவே தேவையில்லாத ஐம்பது கிலோ, பின்னால் தொங்கும்போது வண்டியின் ஓட்டத்தையே மாற்றிவிடும். உங்கள் வண்டி எந்தக் கோளாறைக் காட்டுகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், அதில் உள்ள கோளாறு உயிருக்கே ஆபத்தானது.

அறிகுறி: வேகம் கூடினால் ட்ரெய்லர் வாலாட்டுகிறது

ஒரு குறிப்பிட்ட வேகம் வரை ஒழுங்காக வரும். அதைத் தாண்டியதும், அல்லது பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடக்கும்போது, ட்ரெய்லரின் பின்பகுதி இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். ஸ்டீயரிங்கில் அந்த இழுப்பு தெரியும். இறக்கத்தில் இன்னும் மோசமாகும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நேர்ந்தால்: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பித் திருப்பிச் சமாளிக்கப் பார்த்தால் ஆட்டம் வளரும். காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம். மின்சார பிரேக் உள்ள ட்ரெய்லர் என்றால், பிரேக் கன்ட்ரோலரில் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க ஒரு நெம்புகோல் இருக்கும். அதை மெதுவாக நகர்த்துங்கள். ட்ரெய்லர் பின்னோக்கி இழுபட்டு நேராகிவிடும். அந்த நெம்புகோல் எங்கே இருக்கிறது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே கை தானாகத் தேடிப் போகும் அளவுக்குப் பழகிவையுங்கள். வேகத்தைக் கூட்டி ஆட்டத்தை விட்டு வெளியே வந்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள்.

ஆட்டம் நின்றபின் ஓரங்கட்டிக் காரணத்தைத் தேடுங்கள். பின்னால் சுமை ஏற்றியவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: டங் வெயிட் குறைந்துபோயிருக்கிறது. ட்ரெய்லரின் முன்முனை காரின் ஹிட்ச் பாலை (ட்ரெய்லரை மாட்டும் உலோக உருண்டையை) அழுத்தும் எடைதான் டங் வெயிட். வட அமெரிக்க வகை டிராவல் ட்ரெய்லர்களுக்கு இது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஐரோப்பியக் கேரவன்களின் வடிவமைப்பு வேறு. அவற்றுக்குச் சொல்லப்படும் அளவு இதைவிடக் குறைவு. உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே உங்களுக்குச் சட்டம்.

பின்னால் எடை ஏறினால் முன்னால் ஏன் குறைகிறது? ஆக்ஸில்தான் நடுப்புள்ளி, சீசா பலகையின் ஒரு முனையில் ஆள் உட்கார்ந்தால் மறுமுனை எழும்புகிற அதே கதை. எண்களைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ட்ரெய்லர் 2,400 கிலோ, டங் வெயிட் 290 கிலோ, அதாவது 12 சதவீதம். ஹிட்ச் பாலிலிருந்து ஆக்ஸில்களின் நடுப்புள்ளி வரை 5 மீட்டர். பின்னால் ரேக்கும் சரக்குமாக 100 கிலோ, ஆக்ஸிலிலிருந்து 3.5 மீட்டர் பின்தள்ளித் தொங்குகிறது. 100 பெருக்கல் 3.5 வகுத்தல் 5, அதாவது 70 கிலோ முன்னால் குறைகிறது. இப்போது மொத்தம் 2,500, டங் வெயிட் 220. சதவீதம் 8.8-க்கு இறங்கிவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆக்ஸிலின் மேல் ஏறிய எடை 100 அல்ல, 170 கிலோ. முன்னால் குறைந்த 70-ம் அங்கேதான் வந்து சேர்கிறது.

இதோடு 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஆக்ஸிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருந்து, அதையும் நிரப்பிவிட்டால் இன்னும் 40 கிலோ போகும். 2,700 கிலோ வண்டிக்கு 180 கிலோ; 7 சதவீதம்கூட இல்லை. தொட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே வருடக்கணக்காக ட்ரெய்லர் இழுக்கிறவர்கள் உண்டு. ஒருமுறை கீழே குனிந்து பாருங்கள். கழிவுநீர்த் தொட்டிகளையும் சேர்த்துத்தான். போகும்போது காலியாக இருந்தது திரும்பி வரும்போது நிறைந்திருக்கும். போகையில் சொன்னபடி கேட்ட வண்டி திரும்புகையில் ஆடுவதற்கு இதுவே போதும்.

ஊகித்துப் பயனில்லை, எடை போட்டுப் பாருங்கள். எடைமேடையில் முதலில் காரை மட்டும் நிறுத்தி எடை எடுங்கள். பிறகு ட்ரெய்லரை மாட்டி, காரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டங் வெயிட். எடையை எல்லா ஆக்ஸில்களுக்கும் பரப்பும் ஹிட்ச் (இணைப்புக் கருவி) இருந்தால் அதன் ஸ்பிரிங் கம்பிகளைக் கழற்றிவிட்டு இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எடையில் ஒரு பங்கு வேறு ஆக்ஸில்களுக்குப் போய்க் கணக்கு தப்பாகும்.

எடைமேடை அருகில் இல்லையென்றால் குளியலறை எடைக் கருவியே போதும். உறுதியான மரச்சட்டம் ஒன்றை எடுத்து, ஒரு முனையை எடைக் கருவியின் மேலும் மறுமுனையை அதே உயரமுள்ள கட்டையின் மேலும் வையுங்கள். கட்டையிலிருந்து ஒரு அடி, கருவியிலிருந்து இரண்டு அடி தள்ளி, ட்ரெய்லரின் முன் ஜாக்கியைச் சட்டத்தின் மேல் இறக்குங்கள். கருவி காட்டுவதை மூன்றால் பெருக்கினால் விடை. ஜாக்கி, ஹிட்ச் பாலுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால் வரும் எண் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, ட்ரெய்லரைச் சமதளமாக நிறுத்தியபின் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

குறைவு என்று தெரிந்துவிட்டால் முதலில் பொருளை இடம் மாற்றுங்கள். மேலே சொன்ன 2,500 கிலோ உதாரணத்தில், ஆக்ஸிலுக்கு 2.5 மீட்டர் பின்னால் அலமாரியில் கிடக்கும் 60 கிலோவை 3.5 மீட்டர் முன்னால் உள்ள அறைக்கு மாற்றினால், டங் வெயிட் 72 கிலோ கூடி மறுபடியும் 292 ஆகிறது. காசு செலவில்லை.

ஆனால் முன்னும் பின்னும் கனத்தை ஏற்றிக்கொண்டே போய்ச் சதவீதத்தை மட்டும் சரிக்கட்டுவது நல்ல வழி அல்ல. இரு முனைகளும் கனத்த ட்ரெய்லர் லேசில் ஆடாது. ஆடத் தொடங்கினால் லேசில் நிற்கவும் செய்யாது. ஆட்டத்தை நிறுத்த எவ்வளவு கடினம் என்பது தூரத்தின் இருமடிப் பெருக்கமாக வளரும்: ஆக்ஸிலிலிருந்து ஒரு மீட்டரில் உள்ள 50 கிலோவோடு ஒப்பிட்டால், நான்கு மீட்டரில் உள்ள அதே 50 கிலோ 16 மடங்கு. ஆகவே கனமானதை ஆக்ஸிலுக்கு மேலே அல்லது சற்று முன்னால், தரையோடு தாழ்வாக வையுங்கள். பின் ரேக்குக்கு இலேசான, பருமனான பொருட்களை மட்டும் விடுங்கள்.

ஆட்டத்தைக் குறைக்கும் ஹிட்ச் ஒன்று வாங்கி மாட்டினால் சரியாகிவிடாதா என்பது எப்போதும் வரும் கேள்வி. எடை சரியாக உள்ள வண்டிக்கு அது மிக நல்ல துணை. காற்றையும் லாரி கடக்கும் தள்ளலையும் நன்றாகத் தாங்கும். எடை தப்பாக உள்ள வண்டியில் அது நோயை மறைக்கும். ஆடும் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 110-க்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். 110-ல் ஆடத் தொடங்கினால் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் இன்னும் குறைவு.

அறிகுறி: பம்பர் தொங்குகிறது, அல்லது வெல்டிங்கில் விரிசல்

பல டிராவல் ட்ரெய்லர்களின் பின் பம்பர், நான்கு அங்குலச் சதுரக் குழாய். தகடு மெல்லியது. உள்ளே கழிவுநீர்க் குழாயைச் செருகி வைப்பதற்காகவே அந்த வடிவம். வெளியே ஒரு ஸ்பேர் டயர் தொங்கலாம், அதற்கு மேல் எதற்காகவும் அது செய்யப்படவில்லை. அதன் மேல் சைக்கிள் ரேக்கைப் பூட்டினால் எடை கீழ்நோக்கி மட்டும் இழுக்காது. ஒவ்வொரு குழியிலும் பம்பரை முறுக்கும். முறுக்கைத் தாங்குவது இரு பக்கமும் உள்ள குட்டையான வெல்டிங் கோடுகள்தான்.

பார்க்க வேண்டிய இடம் அது. டார்ச்சோடு கீழே படுத்துக்கொண்டு, பம்பர் சேசிஸ் சட்டத்தோடு சேரும் மூலையைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டுப் பாருங்கள். விரிசல் முதலில் விரிசலாகத் தெரியாது. வெல்டிங்கின் ஓரத்தில் பெயின்ட் முடி போலக் கீறியிருக்கும், அந்தக் கீறலிலிருந்து பழுப்பு நிறத் துரு மெல்லிசாக ஒழுகியிருக்கும். விரலால் துடைத்து, இரண்டு நாள் ஓட்டியபின் மறுபடி அதே இடத்தில் துரு கசிந்தால் உலோகம் பிளந்து அசைகிறது என்று பொருள். அன்றோடு சுமையை இறக்கிவிடுங்கள்.

சரிசெய்வது எப்படி? பம்பரைத் தடிமனாக்குவதால் மட்டும் பயனில்லை. சுமை போய்ச் சேர வேண்டிய இடம் சேசிஸின் இரு நீளச் சட்டங்கள். அந்தச் சட்டங்களோடு நேரடியாகப் பூட்டும் ரிசீவர்தான் (ரேக்கின் கம்பைச் செருகும் குழாய்) சரியான தீர்வு. அதற்கும் ஒரு வரம்பு உண்டு. தொழிற்சாலையிலேயே பின் ரிசீவரோடு வரும் பல ட்ரெய்லர்களில் 300 பவுண்டு, சுமார் 136 கிலோ என்று எழுதியிருக்கும். ரேக்கின் எடையும் அதற்குள் அடங்கும். சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடவோ குறுக்கே வெல்டிங் செய்யவோ விடாதீர்கள். அதிக அழுத்தம் தாங்குவது அந்த விளிம்புகள்தான். துளை போடுவதானால் செங்குத்தான நடுத் தகட்டில், அதுவும் தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்த்துவிட்டு.

பம்பருக்கு வெளியே இன்னொரு இடத்தையும் இதோடு பார்த்துவிடுங்கள்: பின்சுவர் தரையோடு சேரும் கோடு. ஒருவர் பம்பரில் ஏறி மெதுவாக எழும்பி அமரட்டும், மற்றொருவர் பக்கத்திலிருந்து கவனிக்கட்டும். சுவரின் அடிப்பகுதியும் சேசிஸும் சேர்ந்து அசைய வேண்டும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி திறந்து மூடினால் பின்பகுதியே பிரியத் தொடங்கியிருக்கிறது. மழைநீர் உள்ளே போய்த் தரைப்பலகை உளுத்திருக்கவும் கூடும். காலால் அழுத்திப் பார்த்தால் அமுங்கும். இது பணிமனை வேலை, வீட்டில் ஸ்க்ரூ போட்டு இறுக்கி முடிக்கிற வேலை இல்லை.

அறிகுறி: ரேக் மேலும் கீழுமாகக் குதிக்கிறது

காரின் பின்னால் நன்றாக உழைத்த அதே சைக்கிள் ரேக், ட்ரெய்லரின் பின்னால் ஒரே பயணத்தில் உடைந்து விழலாம். ஆக்ஸிலிலிருந்து வெகு தூரத்தில் இருப்பதால் சாலையின் சிறு மேடுகூட அங்கே பெரிய தூக்கலாகிறது. அதனால்தான் ரேக் தயாரிப்பாளர்கள் பலர், ட்ரெய்லரின் பின்னால் மாட்டினால் உத்தரவாதம் கிடையாது என்று எழுதியே விடுகிறார்கள். வாங்குமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். ட்ரெய்லருக்கு ஏற்றது என்று தெளிவாக எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

ரிசீவருக்குள் ரேக்கின் கம்பு தளர்ந்து தடதடத்தால் இறுக்கும் கவ்வி ஒன்றைப் போடுங்கள். ரிசீவரை நீட்டிக்கும் குழாய் வேண்டவே வேண்டாம். சுமை தள்ளிப்போகப் போகத் தாங்கும் அளவு மளமளவென்று குறையும். இரண்டு மின்சார சைக்கிள்கள் என்றால் பேட்டரிகளைக் கழற்றி வண்டிக்குள் வையுங்கள், பல கிலோ இறங்கிவிடும்.

அறிகுறி: டயர் சூடாகிறது, ஓரம் தேய்கிறது

100 கிலோ ஏற்றினால் ஆக்ஸிலுக்கு 170 கிலோ என்று பார்த்தோம். ட்ரெய்லர் டயர்கள் பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வரம்பை ஒட்டியே இருக்கும், அந்த 170-க்கு இடம் இருக்கிறதா என்பதே கேள்வி. எடைமேடையில் ட்ரெய்லரின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி எடை எடுத்து, ட்ரெய்லரின் விவரத் தகட்டில் உள்ள ஆக்ஸில் வரம்போடும் டயரின் பக்கச்சுவரில் உள்ள சுமை வரம்போடும் ஒப்பிடுங்கள்.

காற்றழுத்தத்தைக் கிளம்புமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருக்கும்; அதிகமாகிவிட்டதே என்று காற்றைத் திறந்துவிட்டால் குளிர்ந்தபின் குறைவாகிவிடும். காற்றுக் குறைந்த டயர்தான் சூடாகி வெடிக்கிறது. ட்ரெய்லருக்கென்றே வரும் டயர்கள் பலவற்றுக்கு வேகக் குறியீடு எதுவும் அச்சிடாவிட்டால் மணிக்கு 65 மைல், சுமார் 105 கிலோமீட்டர்தான் உச்சம். பக்கச்சுவரின் நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள்: 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பூ தேயாமலேயே டயர் முதுமையால் கெடும்.

நிறுத்தும் இடங்களில் எல்லா ஹப்புகளையும் (சக்கரங்களின் நடுப்பகுதிகளை) ஒரு வெப்பமானியால் அல்லது புறங்கையை அருகில் கொண்டுபோய் ஒப்பிடுங்கள். நான்கில் ஒன்று மட்டும் கொதித்தால் அது சுமைப் பிரச்சினை இல்லை. பேரிங் அல்லது ஒட்டிக்கொண்ட பிரேக்.

ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றாலும் பின் டயர்கள் அதிகம் தேயும். இலைவில் சஸ்பென்ஷனில் இரு ஆக்ஸில்களும் ஓரளவு பகிர்ந்துகொள்ளும். டார்ஷன் (முறுக்கு) வகை சஸ்பென்ஷனில் பகிர்வு கிடையாது, பின் ஆக்ஸில் தனியாகச் சுமக்கும். ஹிட்ச் பாலின் உயரத்தைச் சரிசெய்து வண்டியை மட்டமாக்குங்கள்.

அறிகுறி: காரின் பின்பக்கம் அமுங்குகிறது, ஸ்டீயரிங் இலேசாகிறது

வாலாட்டத்துக்குப் பயந்து எல்லாவற்றையும் முன்னால் ஏற்றியவர்களுக்கு இது வரும். முன் ஆக்ஸில் எழும்புவதால் ஸ்டீயரிங்கும் முன் பிரேக்கும் பிடிப்பை இழக்கும். ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். டங் வெயிட் முழுவதும் காரின் சுமை வரம்பில் சேரும் என்பதை மறந்துவிடுகிறோம்: கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கர் 500 கிலோ என்றால், நான்கு பெரியவர்களும் 290 கிலோ டங் வெயிட்டும் சேர்ந்தாலே தாண்டிவிடும். எடையைப் பரப்பும் ஹிட்ச் இங்கேதான் உண்மையில் உதவும். ஆனால் அது வரம்பைக் கூட்டாது.

அறிகுறி: ஏற்ற இறக்கத்தில் பின்பக்கம் தரையில் இடிக்கிறது

ரேக் நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக்குப் பின்முனை கீழே வரும். மேல்நோக்கி உயர்ந்த கழுத்துள்ள ரேக் போடுங்கள், பெட்ரோல் பங்குகளின் வாசலில் சாய்வாக ஏறுங்கள். இடித்த தடம் ரேக்கில் இருந்தால் வெல்டிங்கை மறுபடி பாருங்கள்.

அறிகுறி: கட்டிய சுமை தளர்ந்துவிடுகிறது

சுமையைக் கட்டும் ஸ்ட்ராப்பில் (பட்டையில்) இரண்டு எண்கள் இருக்கும்: அறுந்துபோகும் அளவு, வேலைக்கான அளவு. பெரிதாக அச்சிட்டிருப்பது முதலாவது. நமக்கு வேண்டியது இரண்டாவது, அது பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அமெரிக்காவில் வணிக லாரிகளுக்கான விதி, எல்லா ஸ்ட்ராப்புகளின் வேலை அளவையும் கூட்டினால் சரக்கின் எடையில் பாதியாவது இருக்க வேண்டும் என்கிறது. நம் வண்டிக்கு அந்த விதி பொருந்தாவிட்டாலும் அதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொண்டு மேலே போங்கள். ரப்பர் கொக்கிக் கயிறு எதையும் கட்டுவதற்கு அல்ல, தார்ப்பாய் பறக்காமல் இருக்க மட்டும்.

முதல் சில பத்து கிலோமீட்டரில்தான் எல்லாம் அமர்ந்து தளரும். அதே லாரி விதி முதல் 50 மைலுக்குள் ஒருமுறையும், பிறகு 150 மைலுக்கோ மூன்று மணி நேரத்துக்கோ ஒருமுறையும் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது. காற்றில் ஸ்ட்ராப் அதிர்ந்து ரீங்கரித்தால் அதை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டுங்கள். அதிர்வு நிற்கும், பிடியும் தளராது. கூரான உலோக விளிம்பைத் தொடும் இடத்தில் தடித்த துணியோ பழைய குழாய்த் துண்டோ வையுங்கள்.

பின் விளக்குகள், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் ஆகியவை சுமைக்குப் பின்னால் மறைந்தால் விளக்குப் பலகை ஒன்றைச் சுமையின் வெளிப்புறத்தில் கட்டி ட்ரெய்லரின் வயரோடு இணையுங்கள். பெட்ரோல் கேனை அங்கே வைப்பதைத் தவிர்க்கவே சொல்வேன். பின்னாலிருந்து யாராவது மோதினால் முதலில் நசுங்குவது அந்த இடம்.

அறிகுறி: ரேக்கில் அடங்கவில்லை, இன்னொரு சிறு ட்ரெய்லரை மாட்டலாமா?

படகோ மோட்டார் சைக்கிளோ உள்ளவர்களுக்குக் கண்டிப்பாக இந்த எண்ணம் வரும். முதலில் சட்டம். பிரிட்டனில் கார் ஒரு ட்ரெய்லருக்கு மேல் இழுக்கக் கூடாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்கள் அனுமதிக்கின்றன, அவற்றிலும் பல, நடுவில் உள்ளது பிக்கப் வண்டியின் படுகைக்குள் (பின்புறத் திறந்த சரக்குப் பகுதிக்குள்) பூட்டும் ஐந்தாம் சக்கர வகையாக இருக்க வேண்டும் என்கின்றன. மொத்த நீளத்துக்கும் வரம்பு உண்டு. எல்லை தாண்டும் பயணமென்றால் வழியில் உள்ள ஒவ்வொரு மாநிலத்தின் விதியையும் பார்க்க வேண்டியிருக்கும்.

சட்டம் இடம் தந்தாலும், ஹிட்ச் பாலில் மாட்டும் சாதாரண டிராவல் ட்ரெய்லருக்குப் பின்னால் இன்னொன்றை மாட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. இரண்டாவதன் டங் வெயிட் முதலாவதன் வாலில் இறங்கும், முதல் பகுதியில் சொன்ன கணக்கு முழுவதும் இங்கே இன்னும் கடுமையாகப் பொருந்தும். இழுப்பும் பிரேக்கின் தள்ளலும், அதற்காகச் செய்யப்படாத ஒரு சேசிஸ் வழியாகப் போகும். பின்னோக்கி எடுப்பது நடைமுறையில் முடியாது. தவறான சந்தில் நுழைந்துவிட்டால் கழற்றித்தான் வெளியே வர வேண்டும்.

படகு இலேசானதென்றால் காரின் கூரையில் ஏற்றுங்கள். பிக்கப் என்றால் அதன் படுகை இருக்கிறது. சைக்கிள்களுக்கு ட்ரெய்லரின் முன்பக்க முக்கோணச் சட்டத்தில் பூட்டும் ரேக்குகள் வருகின்றன. டங் வெயிட் ஏறுவதால் காரின் வரம்பை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் ஒவ்வொரு பயணத்திலும் கூடவே வர வேண்டுமென்றால், பின்பக்கமே சரக்கறையாகக் கட்டப்பட்ட டாய் ஹாலர் வகை ட்ரெய்லர்தான் பொருத்தம். பின்னால் எடை ஏறும் என்று எதிர்பார்த்தே ஆக்ஸில்களைப் பின்தள்ளி அமைத்திருப்பார்கள். அதனால் காலியாக இழுக்கும்போது அதன் டங் வெயிட் மிக அதிகமாக இருக்கும். வாங்குமுன் காலி எடை, நிறை எடை இரண்டிலும் உங்கள் கார் தாங்குமா என்று பாருங்கள்.